அல்லும் பகலும்: ‘கதெமரல்’ என்றால் என்ன?

ஒரு விலங்கைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் அதில் பெரும்பாலும் ஒரு சொல் வந்துவிடும்: இரவாடி அல்லது பகலாடி. ஆந்தை இரவாடி, அணில் பகலாடி. கொஞ்சம் நுணுக்கமாக எழுதுபவர்கள் மூன்றாவதாக இன்னொரு வகையையும் சேர்ப்பார்கள். முயலைப் போல, விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகி மற்ற நேரங்களில் பதுங்கிக் கிடப்பவை அவை. ஆனால் இந்த மூன்று பெட்டிகளிலும் அடங்காத விலங்குகள் உண்டு. காலையில் சிறிது நேரம் மேயும், படுக்கும், பிற்பகலில் எழுந்து நடக்கும், நள்ளிரவில் மறுபடி எழுந்து மேயும். இவற்றுக்கென்று உயிரியலில் ஒரு பெயரடை இருக்கிறது: கதெமரல். 1987 வரை அப்படி ஒரு சொல்லே கிடையாது.

கதெமரல் என்றால், 24 மணி நேரச் சுழற்சியில் வெளிச்சம் உள்ள பகுதியிலும் இருள் உள்ள பகுதியிலும் குறிப்பிடத்தக்க அளவு இயங்குவது. இயங்குவது என்றால் புரண்டு படுப்பதோ கண்ணைத் திறந்து பார்ப்பதோ அல்ல. முக்கியமாக உணவு தேடுவதும் இடம்விட்டு இடம் போவதும். இந்த இயக்கம் இரவுக்கும் பகலுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கலாம். சமமாக இல்லாவிட்டாலும், இரண்டு பக்கமும் பொருட்படுத்தத் தக்க அளவில் இருந்தால் போதும்.

பலர் இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கதெமரல் விலங்கு தூங்காத விலங்கு அல்ல. இரவாடி எவ்வளவு தூங்குமோ அவ்வளவு இதுவும் தூங்கலாம். அந்தத் தூக்கம் ஒரே நீளமாக இல்லாமல் துண்டு துண்டாக, இரவிலும் பகலிலும் சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான். அதற்கு உள்ளுக்குள் ஓர் உயிர்க்கடிகாரம் இல்லை என்றும் பொருளில்லை. மடகாஸ்கர் தீவில் வாழும், குரங்குகளுக்குத் தூரத்து உறவான பழுப்பு லெமூர் போன்ற கதெமரல் விலங்குகள் பலவற்றில் விடியலையும் அந்தியையும் ஒட்டி இயக்கம் உச்சத்துக்குப் போகிறது. கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அது ‘இப்போது தூங்கியே ஆக வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துவதில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது இது. ‘கட்டா’ என்றால் ஊடாக, நெடுகிலும். ‘ஹெமெரா’ என்றால் நாள். இரண்டும் சேரும்போது முதற்சொல்லின் கடைசி உயிர் கெட்டு, அதன் டகரமும் அடுத்த சொல்லின் ஹகரமும் ஒன்றாகி ‘கத்’ என்று மூச்சொலியோடு நிற்கிறது. நம் குற்றியலுகரப் புணர்ச்சியைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ‘கட்டா’வும் ‘ஹோலோஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து ‘கத்தோலிக்’ ஆனதும் இதே விதிப்படிதான். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘அல்’ இலத்தீன் வழி வந்த பெயரடை விகுதி. கிரேக்க உடம்புக்கு இலத்தீன் வால் வைப்பது தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது. ஆனால் அறிவியல் கலைச்சொற்களில் இது சர்வ சாதாரணம்.

ஹெமெராவின் உறவுகளை வேறு இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் தோன்றி மறைவதை ‘எஃபெமரல்’ என்கிறார்கள். இறக்கை முளைத்த பிறகு மிகக் குறுகிய காலமே வாழும் ஈசல் போன்ற மேஃப்ளை பூச்சிகளின் வரிசைக்கு ‘எஃபெமெரோப்டெரா’ என்று பெயர் வந்தது அதனால்தான். கோள்களின் நாள்வாரி இருப்பிடத்தைச் சொல்லும் அட்டவணை ‘எஃபெமரிஸ்’. ஒரு நாள் மட்டும் மலரும் லில்லி வகைக்கு ‘ஹெமெரோகாலிஸ்’, அதாவது ஒரு நாள் அழகி. எனக்கு மிகவும் பிடித்த உறவு வேறு: ஏதென்ஸில் 1919 முதல் வெளிவரும் ஒரு செய்தித்தாளின் பெயர் ‘கதிமெரினி’. பொருள், நாளிதழ். விலங்கியலாளர்கள் புதிதாக வார்த்தெடுத்ததாக நினைக்கும் சொல்லின் தமக்கை அங்கே கடைத்தெருவில் விற்பனைக்குத் தொங்குகிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கிரேக்க ஹெமெராவுக்கும் ஆங்கில ‘டே’வுக்கும் இரட்டைப் பொருள்: சூரியன் இருக்கும் பொழுதும் அதுதான், 24 மணி நேரமும் அதுதான். ஆகவே ‘நாள் நெடுகிலும்’ என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், பகல் முழுக்க இயங்குவது என்று புரிந்துகொள்ளவும் இடமிருக்கிறது; அது பகலாடிக்கான இலக்கணமாகிவிடும். இங்கே கருதப்படுவது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான நாள். தமிழில் பகல் வேறு, நாள் வேறு என்று தெளிவாக இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் வர வேண்டியதில்லை. தமிழில் எழுத நேர்ந்தால் ‘அல்லும் பகலும் இயங்கும்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அதைவிடத் துல்லியமான தொடர் எனக்குத் தெரியவில்லை.

இதன் பழைய சகபாடிகள் எல்லாம் இலத்தீனிலிருந்து வந்தவை. பகலாடிக்கு ‘டையர்னல்’, இரவாடிக்கு ‘நாக்டர்னல்’, அந்தியிலும் விடியலிலும் இயங்குபவற்றுக்கு ‘கிரெபஸ்குலர்’. இந்தக் கடைசிச் சொல்லின் வேரான ‘கிரெபெர்’ என்பதற்கு மங்கலான என்றும் ஐயத்துக்குரிய என்றும் இரு பொருள் உண்டு. மாலையில் மட்டும் என்றால் ‘வெஸ்பெர்டைன்’, காலையில் மட்டும் என்றால் ‘மாட்யுடைனல்’ என்று இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். பொழுதை இத்தனை கூறு போட்டவர்களுக்கு எல்லாப் பொழுதிலும் இயங்குவதற்கு ஒரு சொல் தேவைப்படவில்லை என்பதுதான் வியப்பு.

மடகாஸ்கரில் என்ன நடந்தது?

இந்தச் சொல்லை உருவாக்கியவர் இயன் டாட்டர்ஸால். பிரிட்டனில் பிறந்து, நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மானுடவியலாளர். இன்று மனிதப் பரிணாமம் பற்றி எழுதியவற்றுக்காக அதிகம் அறியப்படுகிறார். ஆனால் 1970-களில் அவருடைய கவனத்தில் பெரும்பகுதி லெமூர்கள் மேல் இருந்தது.

அவரும் ராபர்ட் சஸ்மன் என்ற ஆய்வாளரும் வடமேற்கு மடகாஸ்கரில் உள்ள அம்பிஜோரோவா காட்டில் கீரி லெமூர்களைப் பின்தொடர்ந்தார்கள். அது மழையில்லாத பருவம். அந்த லெமூர்கள் பகலில் தூங்கி, இருட்டியதும் எழுந்து, இலவ மரத்தின் பூக்களில் தேன் குடித்தன. சரி, இரவாடி என்று முடிவு செய்துவிடலாம். ஆனால் அதே இனம் மடகாஸ்கருக்கு வடமேற்கே உள்ள கொமோரோ தீவுகளிலும் இருக்கிறது. அஞ்சுவான் தீவின் ஈரமான மேட்டுப் பகுதியில் பார்த்தபோது அங்கிருந்தவை பகலில் இயங்கிக்கொண்டிருந்தன. தாழ்நிலத்தில் இரவில், மேட்டில் பகலில். அதன் பிறகு அதே தீவுக் கூட்டத்தின் மயோட் தீவில் பழுப்பு லெமூர்களைப் பார்த்தால், அவை இரவிலும் பகலிலும் இயங்கின.

இதை எப்படி எழுதுவது? முதலில் ‘டீயல்’ என்ற சொல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அதுவோ 24 மணி நேரச் சுழற்சி என்பதை மட்டும் குறிக்கும் பொதுச் சொல். அந்தச் சுழற்சிக்குள் விலங்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. 1987இல் ஒரு சிறிய கட்டுரையில் டாட்டர்ஸால் கதெமரல் என்ற சொல்லை முன்வைத்து வரையறுத்தார். அது இரண்டே மூன்று பக்கக் கட்டுரை. குரங்கு, லெமூர், தேவாங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய குரங்கின வரிசையைப் பற்றிய ஆய்வுகளில் உடனே ஒட்டிக்கொண்டது, பிறகு பாலூட்டி ஆய்வுகள் முழுவதற்கும் பரவியது.

லெமூர் என்ற பெயரின் கதையை நினைத்தால் இதில் ஒரு நையாண்டி இருக்கிறது. ரோமானியர்கள் நள்ளிரவில் அலையும் ஆவிகளை ‘லெமூரெஸ்’ என்றார்கள். இரவில் நடமாடுவதாலும் மெதுவாக அடியெடுத்து வைப்பதாலும் இந்த விலங்குகளுக்கு அந்தப் பெயரை வைப்பதாக ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் எழுதினார். அப்போது அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் நம் தேவாங்குதான். 1758இல் அவர் வெளியிட்ட பட்டியலில் தேவாங்கும் வளையவால் லெமூரும் ஒரே பேரினத்தில் இருந்தன. தேவாங்கு பிறகு வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. இரவு ஆவி என்ற பெயர் மட்டும், பட்டப்பகலில் கைகால் விரித்து வெயில் காயும் வளையவால் லெமூரிடம் தங்கிவிட்டது.

அந்த வளையவால் லெமூரோ நெடுங்காலம் அக்மார்க் பகலாடியாகக் கருதப்பட்டது. அசைவைப் பதிவு செய்யும் கருவி பொருத்திய கழுத்துப்பட்டைகளை மாட்டி, தெற்கு மடகாஸ்கரில் 24 மணி நேரமும் அளந்து பார்த்தபோது இரவிலும் அது கணிசமாக இயங்குவது தெரிந்தது; 2013இல் அந்த முடிவுகள் வெளியாயின. பகலாடி என்று எழுதிவைத்த முந்தைய ஆய்வாளர்கள் பகலில் வேலை செய்துவிட்டு இரவில் தூங்கிய பகலாடிகள். என் பார்வையில் இந்தச் சொல்லின் கதையில் மையமான விஷயம் இதுதான். இரவாடி, பகலாடி என்ற பிரிவினையில் விலங்கின் பங்கு எவ்வளவோ, பார்ப்பவரின் பங்கும் அவ்வளவு இருக்கிறது.

ஏன் இப்படி வாழ வேண்டும்?

இரவுக்கென்று கண்ணைப் பழக்கிக்கொண்டால் பகலில் சிரமம், பகலுக்கென்று பழக்கிக்கொண்டால் இரவில் சிரமம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் தேர்ச்சி பெறுவதுதானே புத்திசாலித்தனம்? அப்படியிருந்தும் இரண்டுங்கெட்டானாக இருப்பதில் என்ன லாபம்?

லெமூர்களை வைத்தே பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது உணவு. பழுப்பு லெமூர்களின் குடல் நார்ச்சத்து மிகுந்த இலைகளைச் செரிக்கப் பெரிதாகத் தகவமைந்ததல்ல. பழம் குறைந்து இலையை நம்ப வேண்டிய பருவத்தில், பகலில் தின்றது மட்டும் போதாமல் இரவிலும் தின்றாக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வேட்டையாடிகள். கீரி லெமூர் மழைப் பருவத்தில் பெரும்பாலும் பகலிலும், வறண்ட பருவத்தில் பெரும்பாலும் இரவிலும் இயங்குகிறது. வறண்ட பருவத்தில் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். பகலில் கிளையில் உட்கார்ந்தால் வானத்திலிருந்து பார்க்கும் பருந்துக்குத் தட்டில் வைத்தது போலத்தான். எனவே இருட்டின் மறைவுக்கு மாறிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் இருட்டும் முழுப் பாதுகாப்பு அல்ல. லெமூர்களின் முதன்மை எதிரியான ஃபோசா, கீரிகளின் தூரத்து உறவான அந்த ஊனுண்ணி, தானே ஒரு கதெமரல் விலங்கு. எந்நேரமும் வேட்டைக்கு வரும். எதிரி எப்போது வேண்டுமானாலும் வரக்கூடும் என்றால், இரை ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எப்போது வெளியே வரும் என்று கணிக்க முடியாதபடி இருப்பதே நல்லது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது விளக்கத்தை 1990-களில் கேரல் வான் ஷைக், பீட்டர் கப்பலர் என்ற குரங்கின ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். மடகாஸ்கரில் முன்பு பெரிய கழுகுகள் இருந்தன. மனிதர்கள் குடியேறிய பிறகு அவை அற்றுப்போயின. பகலில் இருந்த அச்சம் அண்மையில்தான் விலகியிருக்கிறது, ஆகவே இரவாடிகளாக இருந்த லெமூர்கள் இப்போது பகலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன, கதெமரல் என்பது அந்தப் பயணத்தின் நடுவழி என்றார்கள் அவர்கள். கேட்க அழகான வாதம். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. இந்தப் பழக்கம் ஒரு தீவின் அண்மைக்கால விபத்து என்றால், அந்தத் தீவோடு எந்தத் தொடர்பும் இல்லாத விலங்குகளிடம் இத்தனை விரிவாக அது காணப்படக் காரணமில்லை.

கண்ணைப் பற்றி ஒரு சொல். இரவாடிக் குரங்கினங்களுக்குக் கண்ணின் அளவோடு ஒப்பிட்டால் கருவிழிப்படலம், அதாவது ஒளி உள்ளே நுழையும் முன்பக்கத் தெளிந்த படலம் (கார்னியா), பெரிதாக இருக்கும், கிடைக்கிற ஒளியை எல்லாம் வாரிக்கொள்ள. பகலாடிகளுக்கு அது சிறிது. ஒளி ஏராளம் என்பதால் கூர்மைதான் முக்கியம். கதெமரல் லெமூர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பூனை வேறு வழியில் இதைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கண்மணி செங்குத்தான பிளவாகச் சுருங்குவதால், விரிந்த நிலைக்கும் சுருங்கிய நிலைக்கும் இடையே பரப்பளவில் 135 மடங்கு வேறுபாடு காட்ட முடியும். வட்டமான மனிதக் கண்மணியால் ஏறத்தாழ 15 மடங்குதான் முடியும்.

லெமூருக்கு வெளியே

தென் அமெரிக்காவின் ஆந்தைக் குரங்குகள்தான் உலகில் உள்ள ஒரே இரவாடிக் குரங்குகள். ஆனால் வடக்கு அர்ஜென்டினாவின் சாக்கோ பகுதியில் வாழும் அஸாரா ஆந்தைக் குரங்கு அந்த விதியை மீறுகிறது. அது இரவிலும் பகலிலும் இயங்கும். எப்போது, எவ்வளவு என்பதை நிலா முடிவு செய்கிறது. முழுநிலா இரவில் நெடுநேரம் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு மறுநாள் காலையில் சோர்ந்து கிடக்கும். அமாவாசையன்று இரவில் அடங்கிவிடும். அந்தியிலும் விடியலிலும் பகலிலும்தான் நடமாட்டம். ஒரே குரங்கை ஒரு வாரம் பார்த்தவரும் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தவரும் இரு வேறு விலங்குகளை விவரிப்பதாகத் தோன்றும்.

ஐரோப்பிய மூஞ்சூறுகளுக்கு நிலாவெல்லாம் பொருட்டல்ல. உடல் அவ்வளவு சிறிது, எரிபொருள் அவ்வளவு வேகமாகத் தீர்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தின்னாவிட்டால் செத்துப்போகும். ஆகவே இரவு பகல் பாராமல் தின்பதும் கண்ணயர்வதும் மாறி மாறி நடக்கும். மறு எல்லையில் யானை. உடல் பெரிது, உணவோ சத்துக் குறைந்த புல்லும் இலையும் பட்டையும். நாளின் பெரும்பகுதி மென்றுகொண்டே இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் அதன் மேய்ச்சலும் நடையும் இரவுக்குள் நீள்கிறது.

ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தின் பனிமான்கள் இன்னும் ஒருபடி மேலே. ஆர்க்டிக்கில் கோடையில் மாதக்கணக்காகச் சூரியன் மறைவதில்லை, குளிர்காலத்தில் மாதக்கணக்காக உதிப்பதில்லை. நார்வே ஆய்வாளர்கள் 2005இல் காட்டியபடி, அந்தக் காலங்களில் இவற்றின் நடத்தையில் 24 மணி நேரத் தாளமே கரைந்துபோகிறது. மேய்வது, அசைபோடுவது, மறுபடி மேய்வது என்ற குறுந்தாளம் மட்டும் எஞ்சுகிறது. இரவும் பகலும் இல்லாத இடத்தில் இரவாடி யார், பகலாடி யார்?

மொத்தக் கணக்கு எப்படி? 2014இல் 4,477 நிலவாழ் பாலூட்டி இனங்களை வகைப்படுத்திய ஓர் ஆய்வில் 69 விழுக்காடு இரவாடிகள், 20 விழுக்காடு பகலாடிகள், 8.5 விழுக்காடு கதெமரல், 2.5 விழுக்காடு அந்தி-விடியல் விலங்குகள். எல்லோருக்கும் தெரிந்த அந்தி வகையைவிட, யாருக்கும் தெரியாத கதெமரல் வகை மூன்று மடங்குக்கு மேல். கழுத்துப்பட்டைகளும் தானியங்கிக் கேமராக்களும் இரவைப் பகலளவுக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பதால் இந்த எண்ணிக்கை கூடும் என்றே நினைக்கிறேன்.

பாலூட்டிகள் ஏன் இவ்வளவு பெரும்பான்மையாக இரவாடிகளாக இருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு: டைனோசர்கள் பகலை ஆண்ட காலத்தில் நம் மூதாதைகள் இரவுக்குள் ஒதுங்கி வாழ்ந்தன. 1942இல் கோர்டன் வால்ஸ் விலங்குகளின் கண்ணமைப்பை வைத்து இந்தக் கருத்தைச் சொன்னார். 2017இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தையும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியையும் சேர்ந்தவர்கள் 2,415 பாலூட்டி இனங்களின் தரவுகளையும் அவற்றின் வம்சாவளியையும் கொண்டு, முன்னோர்கள் எப்போது இயங்கியிருப்பார்கள் என்று கணினியில் பின்னோக்கிக் கணித்தார்கள். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த கொஞ்ச காலத்திலேயே பாலூட்டிகள் பகலில் தலைகாட்டத் தொடங்கின. ஆனால் அவை ஒரே தாவலில் பகலாடிகளாகிவிடவில்லை. முதலில் இரவும் பகலும் கலந்த நிலைக்குத்தான் வந்தன. முழுநேரப் பகலாடிகள் அதன் பிறகு நெடுங்காலம் கழித்தே தோன்றினார்கள், அவர்களில் முந்திக்கொண்டவர்களில் நம் குரங்கின மூதாதைகளும் உண்டு.

குறையில்லாத சொல்லா என்றால், இல்லை. வரையறையில் ‘குறிப்பிடத்தக்க அளவு’ என்கிறார்கள். எவ்வளவு இருந்தால் குறிப்பிடத்தக்கது? பத்து விழுக்காடா, முப்பதா? நிலாவுக்கேற்ப மாறும் ஆந்தைக் குரங்கும், பருவத்துக்கேற்ப மாறும் கீரி லெமூரும், மணிக்கணக்கில் மாறும் மூஞ்சூறும் ஒரே பெயரைச் சுமக்கின்றன. மூன்றுக்கும் காரணம் வேறு, உடலியக்கம் வேறு. மூஞ்சூறு போன்ற சிறு பாலூட்டிகளை ஆராய்பவர்கள் பலர் ‘பல்கட்ட இயக்கம்’ என்ற தங்கள் பழைய சொல்லையே விரும்புகிறார்கள். எங்கும் வைக்க முடியாததைப் போட்டுவைக்கும் பரணாக இந்தச் சொல் ஆகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. கதெமரல் என்று எழுதியதும் எந்த வகையில் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும்.

ஒரு விலங்கை இப்படிக் குறிப்பிடும் முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: அதைப் பார்த்த இடத்தில் மனிதர்கள் எவ்வளவு நெருக்கம்? 2018இல் கெய்ட்லின் கேய்னர் குழுவினர் ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேட்டை, விவசாயம், சாலை, வெறுமனே நடந்துபோகும் ஆட்கள் என மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில் விலங்குகளின் இரவு இயக்கம் சராசரியாக 1.36 மடங்கு கூடியிருந்தது. இரவையும் பகலையும் சரிபாதியாகப் பிரித்து வாழும் ஒரு விலங்கை அங்கே வைத்தால், அதன் இயக்கத்தில் 68 விழுக்காடு இரவுக்குப் போய்விடும் என்பது அந்தக் கணக்கு. ஆளரவமற்ற காட்டில் கதெமரல் என்று பதிவாகும் அதே இனம், ஊரோரத்தில் பார்ப்பவரின் குறிப்பேட்டில் இரவாடி என்று பதிவாகும்.